அப்டைம்காரர்

ஐடி அலுவலகம் என்று இருந்தால் இவர் ஒருவர் இருப்பார். மற்றவர்கள் வாட்ஸ்அப் டிபியில் பிள்ளைகள் படத்தை வைத்திருக்க, இவர் வைத்திருப்பது ஒரு கறுப்புத் திரை. ‘அப் 1126 டேஸ்’. அத்தனை நாளாக அவருடைய சர்வர் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடுகிறதாம். ஆயுத பூஜையன்று அரிவாள்மனைக்குக்கூட ஓய்வு உண்டு; இவருடைய சர்வர் சந்தனப் பொட்டோடு வேலை பார்க்கும்.

புதிதாகச் சேர்ந்த பையன் மெல்லக் கேட்பான்.

“சார், கெர்னல் பேட்ச் போட்டுட்டே இருக்கோம். ரீபூட் பண்ணாததால பழைய கெர்னல்தானே ஓடுது?”

“ஓடுதுல்ல? அப்புறம் என்ன?”

விண்டோஸுக்கு 2003 முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று பேட்ச் வருவதை நினைவூட்டினால், “செவ்வாயோ வெறுவாயோம்பாங்க. அன்னைக்குப் போயா?” என்பார்.

பையன் விடமாட்டான். போயிங் 787 விமானத்தில் 248 நாள் தொடர்ந்து மின்சாரம் ஓடினால் ஜெனரேட்டர்கள் மொத்தமாக நின்றுவிடக்கூடும், அதற்குள் ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று 2015-இல் அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. உத்தரவிட்ட கதையைச் சொல்வான்.

“அது பறக்குற சாமான்பா. நம்மளது தரையிலதானே இருக்கு.”

பழைய லினக்ஸில் 497 நாள் ஆனதும் அப்டைம் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதைக் கண்ணால் பார்த்தவர் இவர். அன்று மதியம் சாப்பிடவில்லை என்று கேள்வி.

இத்தனை பெருமைக்கும் அடியில் கிடப்பது பயம். நிறுத்தினால் மறுபடி எழுந்திருக்குமா என்று அவருக்கே தெரியாது. எவனோ கையால் ஸ்டார்ட் செய்துவிட்டுப் போன சர்வீஸ் ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் இப்போது கனடாவில். எல்லோருக்கும் சொல்லிவைத்து, ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது ரீபூட் செய்திருந்தால் அந்தக் குட்டு அன்றே உடைந்திருக்கும்.

உடைவது ஒரு ஞாயிறு நள்ளிரவில். கரண்ட் போகும், யுபிஎஸ் கைவிரிக்கும், சர்வர் எழாது. கனடாவில் அப்போது பட்டப்பகல் என்பது ஒன்றே ஆறுதல்.

அதோடு மனிதர் தலைகீழாக மாறிவிடுவார். தினமும் இரவு 2 மணிக்கு எல்லாச் சர்வருக்கும் ரீபூட், கிரானில் போட்டுவிடுவார். பையன் மறுபடி வந்து நிற்பான்.

“சார், மெமரிய தின்னுட்டே போற ப்ரோக்ராம கண்டுபிடிச்சிட்டேன். சரி பண்ணிடவா?”

“எதுக்குப்பா? அதான் தெனம் ராத்திரி ரீபூட் பண்றோமே!”