வீடு உண்டு, பேரு உண்டு

கேரளத்தில் எந்த விண்ணப்பத்தை நீட்டினாலும் கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்வி வரும்: "வீட்டுப்பேரு?" எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்களான எங்களுக்கு வீடு உண்டு, பேரும் உண்டு, ரெண்டும் சேர்ந்து கிடையாது. அப்பா ஒரு கணம் திகைத்துவிட்டு, வாசலில் நின்ற புளியமரத்தைச் சொல்லிவிட்டார். அந்த மரத்தைப் பிறகு வெட்டி விறகாக்கி எரித்தும் ஆயிற்று. துபாயில் என் தம்பியைப் பாஸ்போர்ட் பார்த்து இன்னமும் "மிஸ்டர் புளியமரம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

துருக்கியில் 1934-இல் எல்லாருக்கும் குடும்பப்பேர் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதிபர் முஸ்தபா கெமாலுக்கு நாடாளுமன்றமே கூடி 'அட்டாதுர்க்' என்ற பேரை வழங்கியது. எங்களுக்குக் கிளார்க் வழங்கினார்.

மலையாளிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. முதலில் தறவாடு என்கிற குடும்ப வீடு, அப்புறம் அப்பா, கடைசியில் இடமிருந்தால் ஆள். எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனின் 'எம்' மனயங்கத்து என்கிற வீடு. 'எஸ்'தான் அப்பா சுப்பிரமணியன். நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆருக்கும் 'எம்' மருதூர். 'ஜி' அப்பா கோபாலன். பாலக்காட்டு அக்கிரகாரங்கள் ஊரையே தூக்கிக்கொண்டு போயின. டி.என்.சேஷனின் 'டி' திருநெல்லாயி. தேர்தல் கமிஷனராக நாட்டையே நடுங்கவைத்தபோது, பாதி பயம் அந்தச் சின்னக் கிராமத்தின் கணக்கில் சேர வேண்டியது. செம்பை வைத்தியநாத பாகவதர் விஷயத்தில் ஊர் முழுசாகவே ஜெயித்துவிட்டது. "செம்பை பாடறார்" என்றாலே போதுமாயிருந்தது.

அம்மா மூணாறு எஸ்டேட்காரி. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயமே கம்பெனியுடையது. பிறகு வீட்டுப்பேருக்கு எங்கே போவது? யாரோ ஒரு புண்ணியவான் வீட்டுப்பேர் கட்டத்தில் 'லயம்' என்று எழுதிவிட, அந்த வரிசை முழுக்க அதையே எழுதினார்கள். காகிதத்தில் பார்த்தால் அத்தனை பேரும் பங்காளிகள். உள்ளுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆளைப் பிரித்தறிய அவர்களுக்கு வேறு வழி இருந்தது, எஸ்டேட் பேர்: குண்டளை மாரியம்மா, மாட்டுப்பட்டி மாரியம்மா. ஒரே லயத்தில் ரெண்டு மாரியம்மா என்றால் ஒருத்தி ரேடியோ மாரியம்மா. ரிட்டயர் ஆனதும் லயத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். போடி பக்கம் இறங்கிப் போனாலும் 'குண்டளை'யைக் காலி செய்யச் சொல்ல யாராலும் முடியவில்லை.

மலையேறி வந்த கிறிஸ்தவர்கள் கதை வேறு. ஜார்ஜ் அங்கே வர்கீஸ், யாக்கோபு சாக்கோ, யோசேப்பு அவுசேப்பு. அப்பா வர்கீஸ் சாக்கோ என்றால் மூத்த பிள்ளை சாக்கோ வர்கீஸ். தாத்தாவுக்கு வந்த கடிதம் பேரன் கையில் கிடைத்தாலும் தபால்காரரைத் திட்ட முடியாது. ஐஸ்லாந்திலும் அப்பா பேர்தான் பின்னால் ஒட்டுகிறது. போன் டைரக்டரியில்கூட ஆளின் சொந்தப் பேரைத்தான் அகரவரிசையில் அடுக்கினார்களாம். விவரமான ஜனங்கள்.

எங்கள் எல்லையில் இனிஷியல் எந்தப் பக்கம் நிற்கும் என்பதே தகராறு. பொள்ளாச்சியில் அச்சடித்தால் முன்னால், பாலக்காட்டில் அச்சடித்தால் பின்னால். தங்கை கல்யாணத்தில் மாமா ஒருவர் வைத்த மொய்யை அந்தப் பக்கத்துப் பெரியவர் இனிஷியலை முன்னால் போட்டு ஒரு நோட்டிலும் இந்தப் பக்கத்துப் பெரியவர் பின்னால் போட்டு இன்னொரு நோட்டிலும் எழுதிவிட்டார்கள். மாமா மகன் கல்யாணத்துக்கு ரெண்டு ஆளுக்கும் தனித்தனியாகத் திருப்பிச் செய்தோம். ரெண்டு கவரையும் மாமா வாங்கிக்கொண்டார்.