பேய்க்கு ஒரு வேலை இருந்தது

குன்னம் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் சோளம் கதிர் பிடித்ததும் அப்பா ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்துவார். சம்பளம் கிடையாது. குறுக்கே கட்டிய இரண்டு மூங்கில், அப்பாவே இனி போட முடியாதென்று கைவிட்ட சட்டை, உள்ளே வைக்கோல், தலைக்கு ஓட்டை விழுந்த மண்சட்டி. சட்டியின் கரிமேல் சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் வைப்பது என் பொறுப்பு. எவ்வளவு கோரமாகப் பல் வைத்தாலும் கிளிகள் அதன் தோளில் உட்கார்ந்தே கதிரைக் கொறிக்கும். பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகப் பயந்தது, அதை வரைந்த நான்தான்.

இப்போது அங்கே மக்காச்சோளம், நாமக்கல் கோழிகளுக்காக. 2018-இல் படைப்புழு வந்தது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்கிற புழுவிடம் எந்தப் பல்லைக் காட்டுவது? பொம்மைக்கு வேலை போயிற்று.

போன அக்டோபர் 31 அன்று பெரம்பலூரில் மகள் வீட்டில் கோரப் பல்லுக்கு மறுபடி வேலை கிடைத்தது. பேத்தியின் ஹாலோவீன் பார்ட்டி. கறுப்பு சார்ட்டில் வௌவால்கள், தெர்மாகோல் கல்லறை, டிஷ்யூ சுற்றிய மம்மி. சிலந்தி வலைக்கான பஞ்சு ஆன்லைனில் வந்தது. பருத்திக்குப் பேர்போன மாவட்டத்துக்குப் பாலியஸ்டர் பஞ்சு! வீட்டிலிருந்த அசல் ஒட்டடையை முதல் நாளே ஆள் வைத்து அடித்துவிட்டாள் மகள்.

பரங்கிக்காயில் முகம் செதுக்கும் வேலை எனக்கு. அயர்லாந்தில் டர்னிப்பில் செதுக்கிக்கொண்டிருந்தார்களாம். அமெரிக்காவுக்குக் குடிபோனவர்களுக்குப் பரங்கி தோதாக அமைந்தது. பேத்திக்கோ வாசலில் தொங்கிய திருஷ்டிப் பூசணிமேல் கண். முட்டைக்கண், கோரைப்பல், தொங்கும் நாக்கு, எல்லாம் தயார்.

"தாத்தா, இதையே உள்ள மாட்டிடலாமே?"

மகள் பதறிப்போனாள். "ஏய், அதுல கை வைக்காத! அது விளையாட்டு இல்லடி."

மாசியில் அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளைக்குக் காளி வேஷம் கட்டுகிறவர், வேஷம் கலைத்து டீ குடிக்கும்போதுகூட சின்ன வயதில் நாங்கள் கிட்டே போனதில்லை. இங்கே வந்த எலும்புக்கூடு, முகமூடியைக் கழற்றி, "அங்கிள், ஏசி போடுங்க" என்றது.

சுரண்டிய பரங்கிச் சதையை வீணாக்குவானேன் என்று மனைவி புளிக்குழம்பு வைத்துவிட்டாள். சூனியக்காரி முதல் டிராகுலா வரை அத்தனை பேரும் தட்டை மூடிக்கொண்டு பின்வாங்கினார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் நிஜமாகவே பயந்தது அந்த ஒரு தடவைதான்.