தெளிவா இரிக்கா?

எங்கள் பக்கத்தில் ஒரு காலம் டீவி பார்க்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் கூரையில், ஒருவர் முற்றத்தில், ஒருவர் பெட்டிக்கு முன்னால். கூரையில் நிற்பவர் குழாயைக் கட்டிப்பிடித்து அன்டனாவைத் திருப்புவார். முற்றத்தில் நிற்பவர் "தெளிவா இரிக்கா?" என்று வீட்டுக்குள் கேட்டு, வருகிற பதிலை மேலே எறிவார். பதில் மேலே போய்ச் சேருமுன் குழாய் இன்னொரு சாண் திரும்பியிருக்கும். இருந்த படமும் போய்விடும். இந்தப் பேச்சுவார்த்தை முடியவும் செய்தி முடியவும் சரியாக இருக்கும்.

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ கிழக்கே பார்த்தால் கடல். அங்கிருந்து மீன் வரும், படம் வராது. அன்டனா பார்க்க வேண்டியது மேற்கே, 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கும் பிதுருதலாகலை மலையை. படம் அங்கிருந்துதான் வரும். 1982 பெப்ரவரி 15ஆம் திகதி இலங்கை அரசின் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது. நிலையம் ஜப்பான் அரசின் அன்பளிப்பு. ஆனால் ஜப்பான் தன் வீட்டில் வைத்திருந்தது 525 கோட்டு என்டிஎஸ்சி முறை. நமக்கு வாய்த்தது 625 கோட்டு பால் முறை. எனவே ஜப்பானுக்கே போய் ஆசையோடு வாங்கிவந்த அசல் ஜப்பான் பெட்டி, ஜப்பான் கொடுத்த நிலையத்தின் படத்தை ஒழுங்காகக் காட்ட மறுக்கும்.

அதனால் எங்கள் ஊருக்கு ஜப்பான் சவூதி வழியாகத்தான் வந்தது. சவூதியில் அப்போது சீகம் என்று மூன்றாவது ஒரு முறை. அங்கே விற்ற பெட்டிகளின் அட்டையில் 'மல்டி சிஸ்டம்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். எந்த நாட்டுப் படத்தையும் ஏற்றுக்கொள்ளும் தாராள குணம் என்று பொருள். சாச்சி ரியாதில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்துவிட்டுத் திரும்பியபோது அப்படியொரு நஷனல் பெட்டி கூடவே வந்தது. அன்று வீடு நிறைய வந்த சனம் தன்னைப் பார்க்க வரவில்லை என்பதைச் சாச்சி இன்றுவரை மறக்கவில்லை.

பெட்டி வந்த கையோடு பிரச்சினையும் வந்தது. டீவி இருக்கிற வீட்டுக்கு மலக்குகள் வராது என்று பெரியவர்கள் சொன்னார்கள். வீட்டில் சமரசம் ஏற்பட்டது: மஃரிப் பாங்கு கேட்டதும் பெட்டியின் மேல் பூப்போட்ட துணி விழும், இஷா முடிந்ததும் எழும். துணி போடுகிற பொறுப்பு உம்மாவுடையது. அதே உம்மா இப்போது நோன்பு இரவுகளில் 55 இஞ்சித் திரையில் ஹரம் ஷரீஃபின் தராவீஹ் தொழுகையைப் பார்த்தபடி, "மகன், இன்னும் கொஞ்சம் பெரிசா எடுத்திருக்கலாம்தானே" என்கிறார். இனி மூட நினைத்தாலும் அந்த அகலத்துக்குத் துணி மருதமுனைத் தறியில் தனியாக நெய்துதான் எடுக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பெட்டிக்கும் கரண்டுக்கும் நடந்த சண்டையைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் வோல்டேஜ் விழும். படம் பக்கவாட்டில் சுருங்கி, செய்தி வாசிப்பவர் கறுப்புச் சட்டத்துக்குள் ஒடுங்கி நிற்பார். ஸ்டெபிலைசர் 'டக், டக்' என்று அடித்து அவரைக் கொஞ்சம் கொழுக்க வைக்கும். 1996 மார்ச் 17 லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டம் எடுத்து உலகக் கிண்ணத்தை வாங்கித் தந்ததை நாங்கள் இந்த நிலையில்தான் 'பார்த்தோம்'. பந்து ஒருபோதும் தெரிந்ததில்லை. ஆட்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்பதை வைத்துப் பந்து போன பக்கத்தை அறிந்தோம். இப்போது பந்தின் தையலைக் கூட எண்ணலாம். ஆனால் எங்கள் அணி ஆடுகிற ஆட்டத்துக்கு அவ்வளவு தெளிவு தேவைதானா என்று சில நாட்களில் தோன்றும்.

பெட்டியின் பெயரை வைத்து ஆளின் தரத்தை அளந்த காலமும் அதுதான். போடியார் வீட்டில் சோனி. வாத்தியார் வீட்டில் நஷனல் அல்லது ஷார்ப். கோல்ட்ஸ்டாரோ சம்சுங்கோ வைத்திருந்தால், "கொரியாச் சாமான்" என்று ஒரு சிரிப்பு. சோனியின் டிரினிட்ரன் திரையை உற்றுப் பார்த்தால் குறுக்கே மயிரிழை போல மெல்லிய கோடு தெரியும். உள்ளே கம்பிகளை ஆடாமல் பிடித்து வைக்கும் இழையின் நிழல் அது. வேறு கம்பனி என்றால் அதைப் பழுது என்று கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். சோனி என்பதால் வந்தவரையெல்லாம் கூப்பிட்டு, "பாருங்க, அசலுக்கு மட்டும்தான் இந்தக் கோடு" என்று காட்டினார்கள்.

பிறகு நடந்ததைப் போடியார் இருந்து பார்த்திருக்க வேண்டும். கோல்ட்ஸ்டார் 1995இல் எல்ஜி ஆனது. சம்சுங் 2006இலிருந்து உலகத்திலேயே அதிகம் விற்கிற டீவி. நஷனல் என்ற பெயரையே விட்டுவிட்டுக் கம்பனி 2008இல் பனசோனிக் ஆனது. ஷார்ப்பை 2016இல் தாய்வானின் ஃபொக்ஸ்கொன் வாங்கியது. தோஷிபாவின் டீவி வியாபாரம் சீனத்து ஹைசென்ஸுக்குப் போனது. ஜப்பானில் பெரிய டீவிக்கான எல்சிடி பேனல் செய்த கடைசி ஆலை, ஷார்ப்பின் சகாய் ஆலை, 2024இல் அந்த வேலையை நிறுத்தியது. இன்றைக்கு 'ஒரிஜினல் ஜப்பான்' கேட்டு வருகிறவருக்குக் கடைக்காரர் கொடுக்கக்கூடியது பெயர்ப்பலகை மட்டும்தான். இதில் உச்சம் என்னவென்றால், 2017இல் சோனி பெருமையோடு இறக்கிய ஓலெட் டீவியின் பேனல் எல்ஜி டிஸ்பிளே செய்தது. ஆனாலும் எங்கள் தேத்தண்ணிக் கடையில் இரண்டு மச்சான்மார் இன்றும், "சோனிட கறுப்பு வேற, எல்ஜிட கறுப்பு வேற" என்று அடிபடுகிறார்கள். முழுக்கப் பிழை என்று சொல்லமாட்டேன். படத்தைப் பதப்படுத்துகிற சில்லு வேறு வேறுதான். அந்த டீவியின் கண்ணாடி மட்டும் ஒரே தாய்வீடு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சோனியும் கொரியாவும் ஒரே மணலில் கிடந்தன. இலங்கையிலேயே அதிகம் பேரைக் கடல் எடுத்தது அம்பாறை மாவட்டத்தில்தான். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அதன் பிறகு கட்டின வீடுகளில்தான் தட்டை டீவி வந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அழைத்து வைக்கிற ஊர் இது. முன்பு மேசன் கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் கழிவறைக்கு இடம் பார்ப்பார். இப்போது அதற்குப் பிறகு அவர் கேட்கிற கேள்வி, "டீவி எத்தின இஞ்சி?" 55 என்றால் ஒரு சுவர், 65 என்றால் வேறொரு சுவர், நாலரை அடி உயரத்தில் பிளக் பொயின்ட். மாப்பிள்ளை இன்னும் முடிவாகவில்லை என்பது பெரிய விஷயமில்லை.

கடைக்குள் போனால் வேறொரு மொழி. எல்ஈடி, கியூலெட், ஓலெட், மினி எல்ஈடி. 1877இல் தையல் மெஷினோடு இலங்கைக்கு வந்த சிங்கர் இன்று தவணைக்கு டீவி விற்கிறது. அங்கே நிற்கிற தம்பிமாருக்கு இந்த நாலு சொல்லும் பாடம். பொருளைக் கேட்டால், "நல்ல சாமான் சேர்" என்பார்கள். எனக்குப் பொருள் சொன்னவர் கல்முனைக்குடியில் ரிப்பேர் செய்கிற ஒரு காக்கா. மேசையில் ஒருவருடைய டீவி கிடந்தது: சத்தம் வருகிறது, படம் இல்லை, திரை முழுக்கக் கறுப்பு. காக்கா ஃபோன் டோர்ச்சைப் போட்டுத் திரைக்குச் சாய்வாகப் பிடித்தார். கறுப்புக்குள் மங்கலாக ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். வாய் அசைவது கூடத் தெரிந்தது.

"படம் செத்துட்டு எண்டு நெனக்கிறாங்க. படம் இரிக்கி. பின்னால லைட்தான் செத்துட்டு."

"இது எல்ஈடி எண்டுதானே தந்தான்?"

"லைட்தான் எல்ஈடி தம்பி. டீவி பழைய எல்சிடிதான்."

அவ்வளவுதான் இரகசியம். திரவப் படிகத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் விளக்கு வேண்டும். முன்பு அங்கே மெல்லிய குழல் விளக்கு இருந்தது. அதை எடுத்துவிட்டு எல்ஈடிப் பட்டிகளை வைத்ததும் பெயரையே மாற்றி விற்றார்கள். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் குவாண்டம் புள்ளிகள் கொண்ட ஒரு தாளைச் சேர்த்தால் கியூலெட். விளக்குகளைப் பொடிப்பொடியாக்கிப் பகுதி பகுதியாக அணைத்தால் மினி எல்ஈடி. ஓலெட் மட்டும்தான் உண்மையில் வேறு சாதி: ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும், அதனால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். ஆனால் ஒரே சனலை நாள் முழுக்க ஓடவிட்டால் அதன் முத்திரை திரையில் தழும்பாகப் படியக்கூடும். நோன்பு மாதம் முழுக்க ஒரு சனல்தான் என்று இருக்கிற வீடுகள் யோசிக்க வேண்டிய விஷயம். நீல எல்ஈடியைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2014இல் நோபல் பரிசு, குவாண்டம் புள்ளிக்காரர்களுக்கு 2023இல் நோபல் பரிசு. இரண்டு நோபல் பரிசை ஆணியில் தொங்கவிட்டு நாங்கள் பார்ப்பது மெகா சீரியல்.

அதையும் எதில் பார்க்கிறோம்? 2014இல் அரசாங்கம் தரை ஒளிபரப்பை டிஜிட்டலுக்கு மாற்ற ஜப்பானிய முறையைத் தெரிவு செய்தது. தெரிவு நடந்தது, மாற்றம் நடக்கவில்லை. அன்டனாவில் இன்னமும் வருவது அதே 625 கோடு, கண்ணுக்குத் தெரிவது 576. டிஷ்ஷில் வரும் சாதாரண சனலும் அதிகம் போனால் 720க்கு 576, அதாவது 4 இலட்சத்துச் சொச்சம் புள்ளி. 4கே திரையில் இருப்பது 83 இலட்சம் புள்ளி. வகுத்துப் பாருங்கள்: சரியாக இருபதுக்கு ஒன்று. ஒரு புள்ளி நிலையம் அனுப்புகிறது. மீதிப் பத்தொன்பதையும் டீவி தானாக ஊகித்துப் போடுகிறது. நடிகையின் முகம் சில வேளை மெழுகுப் பொம்மை போல வழுவழுப்பாக இருப்பது அவருடைய குற்றமல்ல.

இன்னொரு கூத்து கிரிக்கெட் இரவுகளில். நான் பெரிய திரையில் இன்டர்நெட் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடத் தொடங்குவார். பின்வீட்டில், துருப்பிடித்த அன்டனாவும் குண்டுப் பெட்டியும் வைத்திருக்கிற ராத்தா வீட்டுப் பொடியன்கள் "அவுட்!" என்று கத்துவார்கள். பழைய அலை நேரே வந்துவிடுகிறது. என்னுடையது எத்தனையோ கணினிகளில் ஏறி இறங்கி அரை நிமிடம் கழித்து வந்து சேருகிறது. அதி நவீன டீவியில் நான் பார்ப்பது எப்போதும் பழைய செய்தி.

2021 செப்டம்பரில் மத்திய வங்கி டீவி உட்பட நூற்றுக்கணக்கான சாமான்களை இறக்க முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றது. அடுத்த வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. கடையில் அதே டீவி ஒவ்வொரு கிழமையும் புது விலை போட்டது. மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது ஓலெட், கியூலெட், கொரியா, ஜப்பான் எல்லாம் ஒன்றாகி, எல்லோர் சுவரிலும் அப்பழுக்கில்லாத கறுப்பு. மச்சான்மார் அந்த நாட்களில் கறுப்பைப் பற்றி அடிபடவில்லை.

இப்போது கடைகளில் மறுபடி டீவி நிறைந்திருக்கிறது. வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஓடுகிற வீடியோவில் கிளி, தேன், ஐஸ்லாந்து மலை எல்லாம் இருக்கும்; அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது அந்தத் திரைக்கென்றே எடுத்தது. உங்கள் வீட்டு டிஷ் பெட்டியைக் கொண்டுபோய், முடிந்தால் கடையில் அன்டனா வயரையும் கேட்டு, அந்த டீவியில் கொழுவச் சொல்லுங்கள். டிஷ் பெட்டிக்கு அங்கே சிக்னல் இல்லை என்றால், நீங்கள் வழக்கமாகப் பார்க்கிற சீரியலை யூடியூப்பில் 576 தரத்துக்குக் கிட்டவாக வைத்து ஓடவிடச் சொல்லுங்கள். அதில் எந்த டீவி முகத்தை முகமாகக் காட்டுகிறதோ அதை எடுங்கள், கம்பனி எதுவானாலும். எடுக்கும்போது பேனலுக்கு எத்தனை வருட வாரன்டி என்று எழுத்தில் வாங்குங்கள். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு டிமோ வீடியோ தெரியாது. எல்ஈடிப் பட்டி போனால் காக்கா சில ஆயிரத்துக்குள் மாற்றித் தருவார். பேனல் போனால் அவரும் சொல்வது ஒன்றுதான்: "புதுசு எடுங்க தம்பி."