பூசைக்குப் பிறகு

கேள்வி: இலங்கையின் அட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் பங்குச் சாமியாரால் பூசை வைப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

பதில்: பூசைக்கு ஒரு மணி நேரம் போதும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஓர் ஆயுள் வேண்டும். அந்த ஆயுளைக் கொடுத்தவர் போல் கஸ்பர்ஸ். பங்குக் குருகூட அல்லர், இயேசு சபைத் துறவி.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. 1972இல் கண்டியில் அவர் தொடங்கிய ‘சத்யோதய’ இல்லத்தில் தமிழரும் சிங்களவரும் சேர்ந்தே உழைத்தார்கள். தோட்டத்து மக்களோ பெரும்பாலும் இந்துக்கள். தேவாலயத்துக்கு வராதவர்களுக்காகவே அதிகம் பாடுபட்ட குருவானவர் அவர்! கூலி, குடியிருப்பு, குடியுரிமை மூன்றும் அவருக்குச் செபத்தின் பகுதிகளே.

எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. அதைக் காண அவர் உயிரோடிருந்தார். அதில் நமக்குப் பெரும் மகிழ்ச்சி.