நட்டத் தள்ளுபடி நோக்கில் ஆட்டத் தெரிவு: கச்சிராயபாளையம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நட்டத் தள்ளுபடி என்பது, சூதாட்ட விடுதியில் ஒருவர் குறித்த காலத்துக்குள் நிகரமாக இழந்த தொகையில் ஒரு பங்கை விடுதியே திருப்பித் தருவது. நூறு ரூபாய் தோற்றவருக்குப் பத்து ரூபாய் திரும்பினால் அது 10 விழுக்காட்டுத் தள்ளுபடி. வென்றவரிடம் விடுதி எதையும் கேட்பதில்லை. அதாவது, நட்டத்தில் மட்டும் பங்கு ஏற்று இலாபத்தில் பங்கு கேட்காத ஒரு பங்காளி. இப்படிப்பட்ட பங்காளி கச்சிராயபாளையத்துச் சொத்துப் பிரிவினைகளில் இதுவரை தென்பட்டதில்லை. ஆகவே இவரை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் வட்டாரத்துக்கு முன்அனுபவம் கிடையாது.

கச்சிராயபாளையம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ளது. அருகில் கோமுகி அணையும், கரும்பு அரைக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உண்டு. சூதாட்ட விடுதி இல்லை. இல்லாத பொருளை ஆராயப் பல்கலைக்கழக மரபில் தடை ஏதும் இல்லாததால் மேற்கொண்டு செல்லலாம்.

முன்னோடி நூல்களில் முதலாவது திருக்குறள். அதன் 94ஆம் அதிகாரம் சூது. அதில் 932ஆம் குறள், ஒன்றைப் பெற்று நூறை இழந்துவிடும் ஆட்டக்காரரைப் பேசுகிறது. தரவு முழுமையாக இருக்கிறது, விகிதம்தான் போடப்படவில்லை. வரவு ஒன்று, செலவு நூறு என்றால், வரவைக் கழிக்காமல் செலவின்மீதே கணக்கிட்டாலும், இரண்டையும் சமப்படுத்த 99 விழுக்காட்டுத் தள்ளுபடி வேண்டும். பரிமேலழகர் இதைக் குறிக்காமல் விட்டது உரை மரபின் குறை.

முழுத் தள்ளுபடிக்குப் பழைய சான்று வியாச பாரதத்தின் சபா பருவம். நாடு, தம்பியர், தான், மனைவி என்று வரிசையாகத் தோற்ற தருமனுக்கு, திரௌபதி பெற்ற வரங்களாலும் திருதராட்டிரன் மனமிரங்கியதாலும் எல்லாமே திரும்பி வந்தன. நூறு விழுக்காடு, உச்சவரம்பு இல்லை, மறுபடி ஆடியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதற்கு நிகரான நிபந்தனையை எந்த விடுதியும் பின்னர் வழங்கியதாகத் தெரியவில்லை. தருமனோ ஊர் போய்ச் சேருமுன்பே அழைப்பு வர, திரும்பி வந்து உட்கார்ந்து, பன்னிரண்டு ஆண்டு வனவாசத்தையும் ஓராண்டு மறைவாழ்வையும் தோற்றான். ஆட்டத்தைத் தெரிவு செய்யும் உரிமை இரண்டு முறையும் எதிர்த்தரப்பிடமே இருந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் ‘சூது துகில்’ கூத்து நடக்கும் இரவில் கூட்டத்தின் கண் துகிலிலேயே நிற்பதால், தள்ளுபடிப் பகுதி உரிய கவனம் பெறாமலே விடிந்துவிடுகிறது.

ஆட்டத்தைத் தெரிவு செய்ய இரண்டு அளவைகள் உள்ளன. வைத்த பணத்தில் சராசரியாக விடுதிக்குப் போகும் பங்கு, அதாவது விடுதியின் சாதகம், முதலாவது. ஒரே சுற்றில் வரவும் செலவும் எவ்வளவு அகலமாக ஆடுகின்றன என்பது இரண்டாவது. தள்ளுபடி இல்லாத நாளில் முதல் அளவையே போதும். சாதகம் குறைந்த ஆட்டமே நல்ல ஆட்டம். தள்ளுபடி அறிவித்த நாளிலோ இரண்டாவது அளவை முந்திக்கொள்கிறது. தோல்வி பெருகப் பெருகத் தள்ளுபடியும் பெருகும். வெற்றி எவ்வளவு பெருகினாலும் பிடித்தம் கிடையாது. ஆகவே அடித்தால் பெரிதாக அடிக்கும், விழுந்தால் பெரிதாக விழும் ஆட்டமே தள்ளுபடிக்காரருக்கு ஏற்றது.

ரூலெட் சக்கரத்தில் இதைச் சோதிக்கலாம். ஒற்றைச் சுழியம் கொண்ட சக்கரத்தில் 37 குழிகள். சிவப்பின்மீது வைத்தாலும், ஏதேனும் ஓர் எண்ணின்மீது வைத்தாலும் விடுதியின் சாதகம் ஒன்றுதான்: 2.7 விழுக்காடு. இப்போது 10 விழுக்காட்டுத் தள்ளுபடி உண்டு என்று கொள்வோம். சிவப்பில் நூறு ரூபாய் வைத்து ஒரே சுற்றோடு எழுந்துகொள்பவருக்குச் சராசரி இலாபம் 2 ரூபாய் 43 காசு. அதே நூறை ஒற்றை எண்ணில் வைத்து எழுந்துகொள்பவருக்கு 7 ரூபாய் 3 காசு. சக்கரம் அதேதான், தள்ளுபடியும் அதேதான். வைத்த இடம் மாறியதில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேறுபாடு.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, எழாதவரின் கணக்கு. சிவப்பில் இரண்டாவது சுற்றும் ஆடி, இரண்டையும் சேர்த்து நிகர நட்டத்துக்குத் தள்ளுபடி வாங்கினால், அந்த 2 ரூபாய் 43 காசு மறைந்து 13 காசு நட்டம் வந்துவிடுகிறது. ஒரு சுற்று வென்று ஒரு சுற்று தோற்றவருக்கு நிகர நட்டம் இல்லை. எனவே தள்ளுபடியும் இல்லை. விடுதியின் சாதகமோ சுற்றுக்குச் சுற்று தன் பங்கை எடுத்துக்கொண்டே போகிறது. ஒற்றை எண் இந்த அரிப்பை அதிக நேரம் தாங்குகிறது. சுற்றுக்கு நூறு ரூபாயாக 36 சுற்றில் சராசரி இலாபம் 37 ரூபாய். 72ஆம் சுற்றில் அது 6 ரூபாயாகச் சுருங்குகிறது. 100 சுற்று ஆடினால் 22 ரூபாய் நட்டம். தள்ளுபடி அறிவிக்கும் விடுதி எதை நம்பி அறிவிக்கிறது என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது. அது ஆட்டக்காரரின் அறியாமையை நம்பவில்லை, நாற்காலியை நம்புகிறது.

நம்பிக்கை பொய்த்த நிகழ்வும் உண்டு. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் கூட்டம் வற்றிய அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி விடுதிகள், பெரும்பணம் வைப்பவர்களை இழுக்க நட்டத் தள்ளுபடியைக் கூட்டின. டான் ஜான்சன் என்பவர் 20 விழுக்காட்டுத் தள்ளுபடியோடு, பிளாக்ஜாக் சீட்டாட்ட விதிகளிலும் சிறுசிறு சலுகைகளைப் பேரம்பேசி வாங்கி, விடுதியின் சாதகத்தைக் கால் விழுக்காட்டளவுக்கு இறக்கினார். பிறகு ஒரு கைக்கு ஓர் இலட்சம் டாலர் வரை வைத்து, 2011 வசந்தம் வரையிலான சில மாதங்களில் டிராப்பிகானா, போர்காட்டா, சீசர்ஸ் ஆகிய மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் வென்றார். சாதகம் குறைந்த ஆட்டத்தில் தொகையைப் பெருக்கி ஏற்றத்தாழ்வை உண்டாக்குவது அவர் வழி. கச்சிராயபாளையம் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசத் தெரிந்த எவரும் இதன் முதல் பாதியைச் செய்துவிட முடியும். தடையாக நிற்பது இரண்டாம் பாதி.

உள்ளூர் ஆட்டங்களில் முதலிடம் லங்கர் கட்டைக்கு. திருவிழாத் திடலின் ஓரம், ஆறு சின்னம் வரைந்த விரிப்பு, பக்கத்துக்கொரு சின்னமாகப் பொறித்த கட்டைகள், ‘வை ராஜா வை’ என்ற குரல். பிரிட்டிஷ் மாலுமிகள் ஆடிய கிரீடமும் நங்கூரமும் என்ற ஆட்டத்தின் உறவு இது. மூன்று கட்டை உருட்டும் முறையில் 216 விளைவுகள் உண்டு. வைத்த சின்னம் 125 விளைவுகளில் எங்கும் விழாது. 75இல் ஒரு கட்டையிலும், 15இல் இரண்டிலும், ஒன்றே ஒன்றில் மூன்றிலும் விழும். விழுந்த கட்டை ஒன்றுக்கு ஒரு பங்கு பணம். ஒவ்வொரு விளைவும் ஒரு தடவை வருவதாகக் கொண்டு, தடவைக்குப் பத்து ரூபாய் வைத்தால், 2,160 ரூபாயில் 170 ரூபாய் விரிப்புக்காரருக்கு. சாதகம் 7.87 விழுக்காடு, சக்கரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. கட்டை நேர்மையானது என்ற எடுகோளின்மீது நிற்கும் எண் இது. ஒரே உருட்டோடு எழுபவர் இங்கே நட்டமின்றித் திரும்ப 13.6 விழுக்காட்டுத் தள்ளுபடி போதும். அதை விரிப்புக்காரரிடம் கேட்டால் கிடைக்கும் பதில் இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே உள்ளது.

மங்காத்தாவில், அதாவது உள்ளே வெளியேயில், முதல் சீட்டு விழும் பக்கம் ஏறத்தாழ 51.5 விழுக்காடு தடவை வெல்கிறது. சமப் பணம் தரும் இடத்தில் அந்தப் பக்கம் வைப்பவருக்குத் தள்ளுபடியே தேவையில்லை. கோவா விடுதிகளில் அந்தர் பாஹர் என்ற பெயரில் இது நடக்கிறது. அந்தப் பக்கத்துக்குப் பத்துக்கு ஒன்பது என்று பணம் தரும் மேசையில் சாதகம் விடுதிக்குத் திரும்பி 2.15 விழுக்காடாக நிற்கும்.

தள்ளுபடி எந்த வடிவில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரொக்கமாக வந்தால் சிக்கல் இல்லை. ஆடச் செல்லும், ரொக்கமாக மாற்றச் செல்லாத சில்லாக வந்தால் அதற்கும் தெரிவு தேவை. வென்றாலும் தோற்றாலும் விடுதியே எடுத்துக்கொள்ளும் நூறு ரூபாய்ச் சில்லைச் சிவப்பில் வைத்தால் அதன் மதிப்பு 48 ரூபாய் 65 காசு. ஒற்றை எண்ணில் வைத்தால் 94 ரூபாய் 59 காசு. தள்ளுபடிச் சில்லைச் சிவப்பில் வைப்பவர் தள்ளுபடியில் பாதியை விடுதிக்கே தள்ளுபடி செய்கிறார். கணக்கு முடிக்கும் கால அளவும் குறுகியதாக இருப்பதே நல்லது. மாதக் கணக்கு என்றால் நேற்றைய வெற்றி இன்றைய தோல்வியை விழுங்கி, தள்ளுபடிக்கு எதையும் மீதி வைக்காது.

எழுந்துகொள்வதற்கு வெளியிலிருந்து ஒரு கட்டாயம் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். இரவும் பகலும் திறந்திருக்கும் விடுதியில் அது கிடைக்காது. திருவிழாத் திடலில் கிடைக்கிறது: கடைசிப் பேருந்து. கள்ளக்குறிச்சியிலிருந்து வருவதானாலும், மேலே வெள்ளிமலைக்குப் போவதானாலும், நடத்துநரின் விசிலுக்குக் கட்டுப்படும் ஆட்டக்காரருக்குச் சுற்றுகளின் எண்ணிக்கை தானே குறைகிறது. இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

இனிச் சட்டம். தமிழ்நாட்டில் லங்கர் கட்டையும் பணம் வைத்த மங்காத்தாவும் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்துக்கு உட்பட்ட குற்றங்கள். காவலர் வந்து விரிப்பைச் சுருட்டும் நாளில் நட்டம் நூறு விழுக்காடு, தள்ளுபடி சுழியம். கைபேசியில் ஆடுபவருக்கு 2023 ஏப்ரலில் மாநிலச் சட்டமும், 2025 ஆகஸ்டில் பணம் வைத்த இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடுக்கும் மத்தியச் சட்டமும் வந்தன. எஞ்சுபவை கோவாவின் பணஜியில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் விடுதிக் கப்பல்கள் போன்றவை. சேலம் வழியாகப் போய்ச் சேரலாம். போக்குவரத்துச் செலவு நட்டக் கணக்கில் சேராது.

அங்கே போனவருக்கு வருமான வரித்துறை காத்திருக்கிறது. வருமான வரிச் சட்டம் சூதாட்ட வெற்றிக்கு 30 விழுக்காடு வரி விதிக்கிறது. தோற்ற பணத்தைக் கழித்துக்கொள்ள இடமில்லை. விடுதி நட்டத்தில் மட்டும் பங்காளி என்றால், துறை வெற்றியில் மட்டும் பங்காளி. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் எண்கள் தலைகீழாகின்றன. ஒற்றை எண்ணில் ஒரே சுற்று ஆடி நட்டமின்றித் திரும்ப 31.9 விழுக்காட்டுத் தள்ளுபடி வேண்டும், சிவப்பில் 33.7. ஜான்சனுக்குக் கிடைத்த 20 இங்கே எதற்கும் எட்டாது. லங்கர் கட்டைக்கு 39.5 என்று கணக்கு வருகிறது. ஆனால் அந்த வெற்றியை வருமான வரிப் படிவத்தில் காட்டும் வழக்கம் வட்டாரத்தில் இன்னும் வேரூன்றாததால், மேலே கண்ட 13.6 என்ற எண்ணையே அதற்குக் கொள்க.