பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு திரை

1975இல் காகித உரிமச்சீட்டைக் கண்ணாடியில் காட்டி நகர மையத்துக்குள் நுழைந்த சிங்கப்பூர்க் கார், 1998இல் மின்னியல் சாலைக் கட்டணமுறை வந்ததும் பண அட்டை செருகும் சிறு கருவியொன்றைச் சுமக்கத் தொடங்கியது. 2023 நவம்பர் முதல் அதன் இடத்துக்கு வந்திருப்பது, செயற்கைக்கோள் வழியே வண்டியின் இருப்பிடத்தை அறியும் குட்டிக் கணினி. தொழில்நுட்பம் வளர வளரக் கருவிகள் சுருங்கும் என்ற உலக வழக்குக்கு மாறாக, கார்களில் இது ஆன்டெனா, தொடுதிரை, கணக்குப் பார்க்கும் மூளைப்பெட்டி என மூன்றாகப் பெருகியது. டாஷ்போர்டின் வெயில் மூளைக்கு ஆகாதென்று அப்பெட்டி முன்பயணியின் காலடிப் பக்கம் இறக்கப்பட்டதால், புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் லிட்டில் இந்தியாவின் தேக்காவாசிகள் இனி பயணம் முழுதும் குனிந்தபடியே போக நேரலாம். அதே வெயிலை, சிராங்கூன் சாலையில் வாங்கிய மல்லிகைச் சரத்தோடு ஆண்டுக்கணக்கில் தாங்கிவரும் டாஷ்போர்டுப் பிள்ளையார், திரைக்காகச் சற்றே நகர்ந்து அமர்ந்திருக்கிறார். திரை வேண்டாதவர் கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். மூளைக்கும் ஆன்டெனாவுக்கும் விலக்கில்லை. இருப்பிடத்தை அறியும் இக்கருவியால் ஓடும் தூரத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் திட்டம் இப்போதைக்கு இல்லையென்று அரசு தெரிவித்திருந்தது. அவ்வாக்கியத்தில் வாகனமோட்டிகள் திரும்பத் திரும்பப் படித்தது ‘இப்போதைக்கு’ என்ற சொல்லைத்தான்.