மேடைக் கேள்வியின் லிட்டர் எடை: போடி ஏல மையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அழகிப் போட்டிகளின் கேள்விச் சுற்றை ஆராயப் புறப்பட்டவர்கள் எல்லாரும் மணிலா, லண்டன் என்று தவறான ஊர்களுக்கே போயிருக்கிறார்கள். இத்துறைக்கு உகந்த ஆய்வுக்களம் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். உலக அழகிகள் யாரும் அங்கே மேடை ஏறியதில்லை என்பது ஆய்வுக்கு அனுகூலமே. ஒப்பனையும் இசையும் குறுக்கிடாமல், தீர்ப்பு சொல்லும் கலையை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க முடிகிறது. வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களில் விளைந்து, ஸ்டோரில் உலர்ந்து, போடிமெட்டு வளைவுகளில் இறங்கி வரும் ஏலக்காய், ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில் மூட்டையாக மேடை ஏறுவதில்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் மாதிரிதான் வியாபாரிகள் முன்னால் வருகிறது. பருமனைப் பார்க்கிறார்கள், பச்சையைப் பார்க்கிறார்கள், ஒன்றிரண்டை உரித்து முகர்கிறார்கள், கணினியில் விலையைத் தட்டுகிறார்கள். முழுச் சரக்கையும் அவிழ்த்துக் கொட்டிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

இக்கட்டுரையின் கருதுகோள் சுருக்கமானது: மேடையில் கேட்கப்படும் கேள்வி பதிலுக்காகக் கேட்கப்படுவதில்லை, மாதிரிக்காகக் கேட்கப்படுகிறது. முதல் சான்று 1994, கோவா. மிஸ் இந்தியா போட்டியில் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் சமமாக நிற்க, முடிவு செய்ய ஆளுக்கொரு கேள்வி. நம் நாட்டு நெசவு மரபு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று சுஷ்மிதாவிடம் கேட்டார்கள். காந்தியின் கதரில் தொடங்கியது என்றார். மொகஞ்சதாரோவில் பருத்தித் துணியின் எச்சம் கிடைத்திருக்கிறது. நம் கீழடியிலேயே தக்கிளிகள் கிடைத்திருக்கின்றன. காந்தி பிறந்ததோ 1869இல். பிழையின் அளவு ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டு. கிரீடம் சுஷ்மிதாவுக்கே. இரண்டாம் சான்று 2000, லண்டன், உலக அழகிப் போட்டி. இன்று வாழும் பெண்களில் மிக வெற்றிகரமானவர் யார் என்ற கேள்விக்குப் பிரியங்கா சோப்ரா அன்னை தெரசாவைச் சொன்னார். அன்னை மறைந்தது 1997இல். கிரீடம் பிரியங்காவுக்கும். இரண்டே தரவை வைத்துக் கோட்பாடு கட்டலாமா என்று கேட்கலாம். இதைவிடக் குறைந்த முதலீட்டில் முனைவர் பட்டங்கள் விளைந்திருக்கின்றன என்பதே நம் பதில். மேலும், இரு பிழைகளின் திசையைக் கவனிக்க வேண்டும். ஒன்று காந்தி பக்கம் சறுக்கியது, மற்றது தெரசா பக்கம். காந்திக்கு மதிப்பெண் குறைக்கும் துணிச்சல் எந்த நடுவருக்கு உண்டு? தடுமாறுவதானாலும் மகான்கள் இருக்கும் பக்கமாகத் தடுமாற வேண்டும் என்பதை முதல் விதியாகவே வகுத்துவிடலாம்.

ஆனால் மகான் பெயர் மட்டும் போதாது. ஏலக்காய் வணிகத்தில் லிட்டர் எடை என்று ஓர் அளவை உண்டு: ஒரு லிட்டர் கொள்ளும் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்பது. பார்வைக்குப் பருத்த காய் உள்ளே அரிசி பிடிக்காமல் இருந்தால் தராசு காட்டிக்கொடுத்துவிடும். உலக அமைதி, பெண்மையின் மாண்பு, இளைஞர் சக்தி போன்றவை எட்டு எம்.எம். சல்லடையில் நிற்கும் பருமன் உடையவை, எடை அதிகமில்லை. 2018இல் மிஸ் இந்தியா பட்டம் வென்ற திருச்சியின் அனுக்ரீத்தி வாஸிடம், வெற்றி நல்ல ஆசானா தோல்வி நல்ல ஆசானா என்று கேட்டார்கள். இரண்டும்தான் என்று மழுப்ப வழி இருந்தும், தோல்வி என்று ஒரு பக்கம் சாய்ந்து தன் வாழ்க்கையிலிருந்து காரணம் சொன்னார். சிறிய காய், நிறைந்த அரிசி. எந்தத் தொழிலுக்கு மிக அதிகச் சம்பளம் தரலாம் என்ற கேள்விக்கு 2017இல் சான்யா நகரில் நடந்த உலக அழகிப் போட்டியில் மானுஷி சில்லர் தாய்மை என்றது பருமனும் எடையும் கூடிய ரகம். எந்த நாட்டு நடுவராக இருந்தாலும் அவருக்கும் ஓர் அம்மா உண்டு. ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். அரை நிமிடப் பதிலுக்கும் அதே கணக்குத்தான். மனதில் வந்த ஐந்தில் நான்கை ஆவியாக்கத் தெரியாதவர்கள் ஈரக் காயை மேடைக்குக் கொண்டுவருகிறார்கள். 2007இல் அமெரிக்க மிஸ் டீன் போட்டியில், தம் நாட்டை வரைபடத்தில் காட்டத் தெரியாத அமெரிக்கர்களைப் பற்றிய கேள்விக்குத் தெற்குக் கரோலினாப் பெண் ஈராக்கையும் தென்னாப்பிரிக்காவையும் சேர்த்துக் குழைத்தது இவ்வகை. உலகமே சிரித்தது, ஆனாலும் அவருக்கு நான்காம் இடம் கிடைத்ததை நம் எதிர்த்தரப்பு வசதியாக மறந்துவிடுகிறது.

பெண்களை ஏலக்காயோடு ஒப்பிடலாமா என்ற ஆட்சேபம் எழும். ஒப்பிடப்படுபவர்கள் நடுவர்களும் வியாபாரிகளும். தவிர, மனிதரைத் தசமப் புள்ளி வைத்து அளக்கத் தொடங்கியவர்கள் போடிக்காரர்கள் அல்லர். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: அரை நிமிட மாதிரியை வைத்து ஒருவரின் அறிவை எப்படி மதிப்பிடுவது? மதிப்பிட முடியாதுதான், அறிவு அங்கே விற்பனைக்கு வரவில்லை. கிரீடம் பெற்றவருக்குக் காத்திருக்கும் ஓராண்டு வேலை, முன்பின் தெரியாதவர்கள் எதிர்பாராமல் கேட்பதற்கெல்லாம், விளம்பரதாரர் எவரும் முகம் சுளிக்காதபடி பதில் சொல்வது. ஆகவே மாதிரியும் சரக்கும் ஒன்றே. 2000இல் சைப்ரஸில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியில் லாரா தத்தாவிடம், வெளியே இந்தப் போட்டியை எதிர்த்துப் போராடுகிறார்களே, அவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்கள். மறுநாள் காலை எந்த நிருபரும் முதலில் கேட்கக்கூடியது அது. இளம்பெண்கள் தாம் விரும்பும் துறையில் நுழைய இது வாசல் என்று சொல்லி வென்றார். போராடியவர்கள் மனம் மாறியிருப்பார்களா என்பது கேள்வியே அல்ல.

கூவாகம் திருவிழாவையொட்டி விழுப்புரத்தில் திருநங்கையர் பங்கேற்கும் மிஸ் கூவாகம் போட்டியிலும் கேள்விச் சுற்று உண்டு. அதற்கு நம் கோட்பாடு பாதிதான் பொருந்தும். அங்கே மேடை ஏறுபவர்கள் வாடகைக்கு வீடு கேட்டாலும் வேலை கேட்டாலும் ஆண்டு முழுக்கக் கேள்விக்கு நடுவில்தான் நிற்கிறார்கள். கிரீடம் இல்லாமலே பயிற்சி முடித்தவர்கள் அவர்கள். நடுவர்கள்தாம் அங்கே புதியவர்கள்.

எஞ்சியிருப்பது ஒரே சோதனை: உள்ளடக்கமே இல்லாத கேள்வியைக் கொடுத்தால் என்ன ஆகும்? 2021 டிசம்பரில் இஸ்ரேலின் எய்லாட் நகரில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியில் தொகுப்பாளர் ஸ்டீவ் ஹார்வி அதையும் நமக்காகச் செய்து காட்டினார். விலங்குகளின் குரலை நன்றாக எழுப்புவீர்களாமே என்று ஹர்னாஸ் சந்துவிடம் கேட்டார். உலக மேடையில் இதைச் செய்ய வேண்டியிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற முன்னுரையோடு, எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, அவர் மியாவ் என்றார். பருவநிலை மாற்றம் பற்றிய கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. அன்று பிரபஞ்ச அழகியானவர் அவரே.